கால் மில்லிமீட்டருக்கு நன்றி

பாகலூர் லேத் பட்டறை அண்ணாவுக்கு,

இதை நேரில் சொன்னால் “சரி சரி, வண்டிய எடுங்க” என்று அடுத்த சிலிண்டர் பிளாக்கை மிஷினில் ஏற்றிவிடுவீர்கள். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

என் வண்டி இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100. டிவிஎஸ்காரர்களும் ஜப்பானின் சுசுகியும் கூட்டுச் சேர்ந்து, 1984-இல் நம் ஓசூரிலேயே தயாரிக்கத் தொடங்கிய வண்டி. அப்பா வாங்கியது. உங்களிடம் வந்தபோது கிக்கரை மிதித்தால் கம்ப்ரஷன் இல்லை, மேட்டில் இழுக்கவில்லை, பிஸ்டன் தட்டும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அதற்கு முன் காட்டிய வேறொரு பட்டறையில் பிளாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “காயலாங்கடைல போடுங்க, புது செட் மாட்டிக்கலாம்” என்றார்கள்.

நீங்கள் பார்த்தீர்கள். உள்சுவரின் மேல்பக்கத்தை நகத்தால் வருடினீர்கள். ரிங் ஏறி இறங்கும் எல்லையில் விழுந்திருந்த திட்டு என் விரலுக்கும் தட்டியது. பிறகு டயல் கேஜை உள்ளே விட்டு மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும், ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு வாக்கிலும் அளந்தீர்கள். பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே ஓடுவதால் போர், அதாவது சிலிண்டரின் உள்துளை, வட்டமாகத் தேயாது, முட்டை வடிவத்தில் தேயும். ஒரே வாக்கில் அளந்தால் அது தெரியவே தெரியாது. நான் சிப்காட்டில் தரப் பரிசோதனையில் இருப்பவன். அளவெடுக்கிற கை எது, அளவெடுப்பதுபோல் காட்டுகிற கை எது என்று எனக்குத் தெரியும்.

அளந்து முடித்ததும் நீங்கள் சொன்னதற்குத்தான் இந்த மடல். “இருபத்தஞ்சு சைஸ்லயே தேய்மானம் போயிடும். அம்பதுக்குப் போக வேணாம். உள்ள இரும்பு இருந்தாத்தானே நாளைக்கு இன்னொரு தடவ கடைய முடியும்?”

படிப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்த வண்டியின் போர் 50 மில்லிமீட்டர். தேய்ந்தபின் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம்: 0.25, 0.50, 0.75, கடைசியாக 1 மில்லிமீட்டர். அந்தக் கடைசிப் படிக்குப் போனாலும் 98 சிசி இன்ஜின் 102 சிசி ஆகும், அவ்வளவுதான். ரீபோர் செய்வது வேகத்துக்காக அல்ல, ஆயுளுக்காக. எடுத்தவுடன் ஐம்பது சைஸுக்கு, அதாவது 0.50-க்கு, கடைந்தால் அளவு பார்க்கும் தொல்லை குறையும், பட்டறைக்கு நேரம் மிச்சம். வண்டிக்காரனுக்கு ஒரு படி நஷ்டம். அது அவனுக்குத் தெரியவும் தெரியாது. எனக்குத் தெரியாமலே போயிருக்கக்கூடிய அந்த ஒரு படியை நீங்கள் காப்பாற்றிக் கொடுத்தீர்கள்.

குழலை அளவுக்கு மேல் கடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. வாய்வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கிற 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் 0.577 அங்குலம். உள்ளே சுருள்வரி உண்டு, குறி தப்பாது. 1857 கிளர்ச்சிக்குப் பின், இந்தியச் சிப்பாய்கள் கையில் அவ்வளவு நல்ல துப்பாக்கி இருக்கக் கூடாது என்று ஆங்கிலேயர் நினைத்தார்கள். அந்தக் குழலையே 0.656 அங்குலத்துக்குக் கடைந்து, சுருள்வரியை வழித்தெடுத்து வழவழவென்று ஆக்கிக் கொடுத்தார்கள். சுவர் மெலிந்து குழல் வளையத் தொடங்கியது. அடுத்த ஆண்டே தடித்த குழலோடு புது மாடல் செய்ய வேண்டியதாயிற்று. சிப்பாயை நம்பாதவர்கள் இரும்பின் கணக்கையும் மதிக்கவில்லை.

குழல் கடைவதைச் சரியாகச் செய்தவரும் உண்டு. இங்கிலாந்தில் ஜான் வில்கின்சன் என்றொருவர் இருந்தார். பீரங்கிக் குழல் கடைவதில் 1774-இல் காப்புரிமை வாங்கியவர். அதற்கடுத்து அவர் செய்த போரிங் மிஷினில்தான், கடையும் தண்டு இரண்டு முனையிலும் தாங்கப்பட்டு ஆடாமல் நின்றது. ஜேம்ஸ் வாட்டின் நீராவி இன்ஜினுக்கு ஆவி கசியாத சிலிண்டர் அங்கிருந்துதான் கிடைத்தது. உங்கள் தொழிலின் வேர் அவ்வளவு ஆழமானது, அண்ணா.

மறுபடி என் பிளாக்குக்கு வருகிறேன். நீங்கள் பிஸ்டனை முதலில் வாங்கிவரச் சொன்னீர்கள். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, அந்தப் பிஸ்டனுக்கென்றே கடைந்தீர்கள். அலுமினியப் பிஸ்டன் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இடைவெளி குறைந்தால் சீஸ் ஆகும், கூடினால் மறுபடி தட்டும். ஹோனிங் போட்டபின் சுவரில் குறுக்கும் மறுக்குமாய் மெல்லிய கோடுகள் தெரிந்தன. ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். டூ-ஸ்ட்ரோக் பிளாக் என்பதால் போர்ட்டுகளின் கூர் விளிம்பையும் மழுக்கினீர்கள், இல்லாவிட்டால் ரிங் மாட்டி உடையும். அதோடு விடவில்லை. சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறுப்பு ஏறாதபோதுதான் பிளாக்கை என் கையில் கொடுத்தீர்கள். எங்கள் தொழிற்சாலையில் இதற்கெல்லாம் சுவரில் ஒட்டிய விதிமுறை உண்டு, மேற்பார்வைக்கு ஆள் உண்டு. உங்களை யாரும் பார்க்கவில்லை.

அன்று உங்கள் வாசலில் ரோஜாத் தோட்டத்து ஸ்பிரேயர் ஒன்றும், மாலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீசல் பம்புசெட்டும் காத்திருந்தன. மூன்று மொழிகளில் மாறி மாறிப் பதில் சொன்னீர்கள். யாருக்கும் அவசரத்துக்காக அளவை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது வருகிற பல வண்டிகளில் அலுமினிய சிலிண்டருக்குள் மெல்லிய முலாம்தான். அதைக் கடைய முடியாது; தேய்ந்தால் பெரும்பாலும் மொத்த பிளாக்கையும் மாற்ற வேண்டியதுதான். மின்சார வண்டியில் சிலிண்டரே இல்லை. அதனால் உங்கள் பட்டறையில் நிற்கிற அந்தப் பையனுக்கு மிஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்தது போதாது, அளக்கவும் கற்றுக்கொடுங்கள். எந்த வேலைக்குப் போனாலும் அது அவனுக்குச் சோறு போடும். அவன் விரும்பினால் எங்கள் பிரிவில் பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது நானே வந்து சொல்கிறேன்.

நீங்கள் சொன்னபடியே ரன்னிங்-இன் முடியும்வரை நாற்பதைத் தாண்டவில்லை, ஆயிலையும் குறைக்கவில்லை. போன வாரம் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து ஓசூர் போய்வந்தேன். மேட்டில் கியர் குறைக்காமலே ஏறியது. அடுத்த போருக்கு இன்னும் பல வருடம் ஆகும். ஆனாலும் இந்த வண்டிக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைப்பது அரிதாகிக்கொண்டே வருகிறது. ஐம்பது சைஸில் நல்லது ஏதாவது கண்ணில் பட்டால் எனக்காக எடுத்து வையுங்கள், பணம் அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஏஎக்ஸ் 100 வண்டிக்காரன்