அலையாத்தி நிழலில் ஒரு தூண்டில்

அபுதாபியின் ஜுபைல் தீவில், 2020இல் திறக்கப்பட்ட அலையாத்திப் பூங்காவின் மரப்பாலத்தில் நடந்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. மணலும் ஈச்சையும் காணப்போகிறோம் என்று வந்தவனுக்கு முன்னால் பச்சைக் காடு. கீழே சேற்றில் மூச்சுவேர்கள் ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நின்றன. “நம்ம ஊர் மரந்தாண்ணே” என்றார் கூட வந்த தம்பி. முத்துப்பேட்டைக்காரர்; முசஃபாவில் வேலை. சொன்னது உண்மைதான். முத்துப்பேட்டைக் காயலை நிறைத்திருக்கும் அதே வெண்கண்டல் இனம் இங்கேயும் உப்பைக் குடித்து வளர்கிறது.

இந்த வளைகுடாக் கடலே ஓர் அதிசயம். சராசரி ஆழம் 35 மீட்டர்தான். வந்து கலக்கும் ஆற்று நீர் குறைவு, வெயில் உறிஞ்சுவது அதிகம். அதனால் கரிப்பும் அதிகம். கோடையில் கரையோர நீரின் சூடு 35 டிகிரியைத் தொடும். இத்தனைக்கும் நடுவே கடற்புல் செழிக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு அடுத்தபடியாக உலகில் கடல்பசுக்கள் அதிகம் மேயும் இடம் இந்த வளைகுடா. பாக் விரிகுடாவில் 2022இல் நம் தமிழ்நாடு அரசு காப்பகம் அறிவித்ததும் இதே உயிருக்காகத்தான்.

புல்லும் வேரும் இருந்தால் மீன் கரையோரம் வரும். பாறை, ஊழி, தோல்பாறை, இங்கே ஹமூர் என்று கொண்டாடப்படும் களவா, எல்லாமே வரும். வேர்களுக்கும் பாலத் தூண்களுக்கும் பக்கத்தில் பதுங்கும் களவாவுக்குப் பொய்இரையைக் குறிபார்த்து இறக்க வேண்டும். அதற்கு ஏற்றது பெய்ட்காஸ்டிங் ரீல். கோலின் மேலே உட்காரும் இதன் உருளை, வீசும்போது தானும் சுழன்று நரம்பை விடும். கட்டைவிரலை உருளைமேல் மெல்ல அழுத்தினால், இரை நினைத்த இடத்தில் விழும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் கடிகாரம் செய்தவர்கள் கையில் உருவான கருவி இது. பேர்பெற்ற ஸ்வீடன் ரீல் நிறுவனமான ஆபுவும் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத்தான் தொடங்கியது. ஆகவே ரீலை ஒரு கைக்கடிகாரம்போலவே பார்த்து வாங்க வேண்டும்.

தூண்டில் சாமான் கடைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்கக் கோல்கள். தம்பி விலைச்சீட்டைப் பார்க்கவில்லை. ஒரு ரீலை எடுத்துக் கைப்பிடியை மெதுவாகச் சுற்றிக் காதருகே வைத்தார். “சத்தம் வரக்கூடாது, ஆட்டம் இருக்கக்கூடாதுண்ணே. பேரிங் பத்தா பன்னெண்டான்னு எண்ணிப் பிரயோசனமில்லை. உப்புத்தண்ணிக்குத் தாங்குமான்னு கேளுங்க.”

அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கணக்கு புரிந்தது. இரை காற்றில் வேகம் குறைந்த பிறகும் உருளை சுழன்றுகொண்டே இருந்தால் நரம்பு சிக்கு விழும். வடமேற்கிலிருந்து ஷமால் காற்று அடிக்கும் கரையில் இந்தத் தொல்லை இன்னும் கூடும். ஆகவே வெளியிலிருந்தே திருகிக் கூட்டிக் குறைக்கும் காந்த பிரேக் புதியவருக்கு நல்லது. கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை ஆறேழு சுற்று சுற்றினால் போதும். மீன் இழுக்கும்போது நரம்பை விடும் டிராக் ஐந்து கிலோ இழுவைக்கு விட்டுக்கொடுத்தால் கரையோர மீனுக்குத் தாராளம். கோல் ஏழடி, நடுத்தர விறைப்பு. 10 முதல் 25 கிராம் இரையைத் தாங்கும் என்று அதன்மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். அதைவிட இலேசான இரை வீசுகிறவருக்கு சாதாரண ஸ்பின்னிங் ரீலே மேல். பின்னல் நரம்பின் முனையில் தடித்த தங்கூசி நரம்பு ஒரு முழம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சிப்பி ஒட்டிய தூண் அறுத்துவிடும்.

கையில் இருப்பது குறைவு என்றால் ரீலுக்குக் கூடுதலாகவும் கோலுக்குக் குறைவாகவும் ஒதுக்கலாம் என்பது தம்பியின் தீர்ப்பு. கோல் சுமாராக இருந்தாலும் மீன் வரும். பல் தேய்ந்த ரீலில் வராது.

அபுதாபியில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடவும் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதி வேண்டும். காப்புப் பகுதிகளில் மீன் பிடிக்கக் கூடாது. அனுமதியுள்ள கரையில் மாலை வெயில் சாய்ந்ததும் வீசினோம். தம்பியின் கோல் வளைந்தது. ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஒரு களவாக் குஞ்சு. ஹமூர் 45 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். அளவு பார்க்கவே தேவையிருக்கவில்லை. ஈரக் கையால் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். மிகையாகப் பிடிக்கப்பட்டு அருகிவரும் மீன் அது.

அறைக்குத் திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு ரீலை நல்ல தண்ணீரில் மெல்ல அலசினார், துடைத்தார், டிராக்கைத் தளர்த்தி நிழலில் உலர வைத்தார். இந்த உப்பில் விலை உயர்ந்த ரீலும் கவனிப்பாரில்லாமல் போனால் சீக்கிரமே துருப்பிடிக்கும். மலிவான ரீல் கழுவித் துடைக்கிற கையில் பல காலம் உழைக்கும். மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிற மனிதர்களுக்கு இந்தக் கடல் தரும் பெரிய ஆறுதல் இதுதான். இங்கே நல்ல தூண்டில்காரராக இருக்கப் பெரிய பணம் வேண்டியதில்லை. அக்கறை இருந்தால் போதும்.