தாத்தா சிரித்தார்

சென்ற கோடை விடுமுறையில் மாமா எங்களுக்கு ஒரு டேப்லெட் வாங்கி வந்தார். டி.வி.டி. தகட்டை ஓட்டும் கருவியும் அதிலேயே அமைந்திருந்தது. இணையம் எட்டாத பாட்டியின் ஊரில் அது எங்களுக்குப் பெரும் பொழுதுபோக்காயிற்று.

பாட்டிக்கோ ஒரே படந்தான் வேண்டும். அது 2006-இல் நடந்த என் பெற்றோரின் திருமணம். அதில் தாத்தா பந்தியில் நின்று, "பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றுங்கள்" என்று சொல்லிச் சிரிப்பார். நான் கைக்குழந்தையாய் இருந்தபோதே அவர் மறைந்துவிட்டார். அவர் குரல் வேறெங்கும் இல்லை.

ஒருநாள் வேறு படம் பார்க்கும் அவசரத்தில் அத்தகட்டை உறையிலிடாமல் மேசைமேல் விட்டுவிட்டேன். தம்பி அதைச் சுழற்றி விளையாடினான். மறுநாள் பந்தி வந்ததும் படம் அசையாமல் நின்றது. தம்பிமேல் பழிபோட நா எழுந்தது. ஆயினும், "நான்தான் பாட்டி, வெளியே வைத்தேன்" என்று ஒப்புக்கொண்டேன். "போகட்டும் கண்ணு" என்றார் பாட்டி. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அப்பா விளக்கினார். 12 சென்டிமீட்டர் அகலமுள்ள அத்தகட்டில், நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருளாய்ச் செல்லும் தடத்தைச் சிவப்பு லேசர் ஒளி படிக்கிறதாம். ஆகவே வட்டமாகத் துடைக்கலாகாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். மெல்லிய துணியால் அவ்வாறே துடைத்தேன். படம் இருமுறை திக்கிற்று. பிறகு தாத்தா சிரித்தார்!

வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா அதற்குப் பிரதி எடுத்தார். தோழியரே, நமக்குப் பொழுதுபோக்காய் இருப்பது பிறருக்கு உயிராய் இருக்கலாம். உங்கள் வீட்டு அலமாரியிலும் அத்தகைய தகடு ஒன்று இருக்கக்கூடும். இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

- பத்தாம் வகுப்பு மாணவி