மூன்று மரங்களும் சில கீறல்களும்

நிலக்காட்சிச் சித்திரம் மனசுக்கு அமைதி தரும் என்பார்கள். மரம், வானம், வயல். அதில் சச்சரவுக்கு இடம் ஏது? எனக்கு அந்த அமைதியில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ரெம்பிராண்ட் 1643-இல் செய்த 'மூன்று மரங்கள்' அதைக் கிளப்பிவிட்டது.

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, திராவகத்தில் அரிக்கவிட்டு, அந்தக் கோடுகளில் மை நிரப்பிக் காகிதத்தில் ஒற்றி எடுத்த படம். அகலம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். வலப்புறம் மேட்டில் மூன்று மரங்கள்; பாதிக்கு மேல் வானம்; அடிவானத்தில் ஒரு நகரம்.

படத்தைக் கண்ணருகே கொண்டுபோனால்தான் ஆட்கள் தென்படுகிறார்கள். நீர்க்கரையில் ஒருவன் தூண்டில் போட்டிருக்கிறான், பக்கத்தில் ஒருத்தி. புதரின் இருட்டில் ஒரு காதல் ஜோடி. மேட்டின்மேல் ஒரு வண்டி நிறைய ஜனங்கள். அங்கேயே ஒருவன் உட்கார்ந்து படம் வரைகிறான். இவர்களுக்கெல்லாம் பொழுது இருக்கிறது. அப்பால் சமவெளியில், மாடுகளோடு மாடுகளாகச் சில சின்னக் கீறல்கள். அவர்கள்தாம் உழைப்பாளிகள்.

இத்தனைக்கும் ஹாலந்தில் பல இடங்களில் நிலமே மனிதன் உண்டாக்கியது. பீம்ஸ்டர் என்ற பெரிய ஏரியை, 40-க்கு மேற்பட்ட காற்றாலைகளைக் கொண்டு இறைத்து, 1612-இல் வயலாக்கினார்கள். பணம் போட்டவர்கள் 123 பேர் என்று சரித்திரம் கணக்கு வைத்திருக்கிறது. மண்வெட்டி பிடித்தவனுடைய கணக்கு கூலியோடு தீர்ந்துவிட்டது.

ரெம்பிராண்டுக்கு ஏழையைத் தெரியாதா? அவரே மாவரைப்பவர் மகன். பிச்சைக்காரர்களை எத்தனையோ முறை வரைந்தவர். 1632-இல் அவர் செய்த ஒரு படத்தில், எலிப் பாஷாணம் விற்பவன் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் விலக்குகிறார். அந்த வியாபாரியின் கந்தலும் தாடியும் கோடு கோடாகத் தெரிகின்றன. வாசலுக்கு வந்து நிற்கும் ஏழை கண்ணில் படுகிறான். வயலில் குனிந்து நிற்கும் ஏழையோ காட்சியோடு கலந்துபோகிறான்.

'மூன்று மரங்க'ளில் மேட்டின்மேல் இருக்கும் அந்த ஓவியனைப் பாருங்கள். வயலுக்கு முதுகைக் காட்டி, படத்துக்கு வெளியே எங்கேயோ பார்த்து வரைந்துகொண்டிருக்கிறான்! ரெம்பிராண்ட் வேண்டுமென்றே செய்த குறும்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த மாதிரிப் படம் ஏதாவது புத்தகத்தில் கிடைத்தால், மரத்தை ரசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சமவெளிப் பக்கம் போங்கள். அங்கே யாரோ வேலை செய்துகொண்டிருப்பார்கள்.