உரம் விழுந்திருக்கு ஸார்!

குழந்தை அழுதால் வைத்தியம் சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆபீசில் மட்டும் ஏழெட்டு 'டாக்டர்கள்' உண்டு. எல்லோரும் பி.காம்.

சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற நண்பன், தன் 11 மாதப் பெண் குழந்தை ராத்திரி முழுக்க வீறிட்டு அழுகிறது என்றான். தீர்ப்புகள் வரிசையாக வந்தன. "பல் முளைக்குதுப்பா" என்றார் ஹெட்கிளார்க். "உரம் விழுந்திருக்கு ஸார். புடவையில போட்டு உருட்டினா சரியாப் போயிடும்" என்றார் டெஸ்பாட்ச்காரர். கேஷியர் திருஷ்டி கழிக்கச் சொன்னார்.

நண்பன் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். "சுவரைப் பிடிச்சு நின்னுட்டிருந்தா. பத்து நாளா நிக்க மாட்டேங்கறா."

இதற்கு மட்டும் யாரிடமும் மருந்து இல்லை.

நல்லவேளை, சிதம்பரத்துக் குழந்தை டாக்டர் ஒருவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்காலைச் சுரண்டினார். முதுகை விரலால் தடவினார். உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டு ஒரு கட்டி!

"பச்சைக் குழந்தைக்கு முதுகுல ஆபரேஷனா?" என்று வீடே நடுங்கியது.

இந்த ஆபரேஷன் நேற்று வந்ததல்ல. 1887-ல் லண்டனில் கவர்ஸ் என்ற டாக்டர் கட்டி இருக்கும் இடத்தைக் கணித்துச் சொல்ல, விக்டர் ஹார்ஸ்லி அதை வெற்றிகரமாக எடுத்தார். எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895-ல்தான்! நம் பக்கம் 1949-ல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னையில் பி.ராமமூர்த்தியும் மூளை, நரம்பு அறுவை சிகிச்சைக்குப் பிள்ளையார் சுழி போட்டார்கள்.

ஆனால் குழந்தை என்றால் கணக்கே வேறு. ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி ரத்தம். எட்டு கிலோ குழந்தைக்கு மொத்தமே 640 மில்லி. ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட்டும் ஒரு டம்ளரும்! சிந்துகிற ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு வைக்கிறார்கள். முதுகெலும்பின் பின்பக்கத்தை ஒரேயடியாக வெட்டி எறிந்துவிட்டால், வளர வளர முதுகு வளையலாம். அதனால் பெட்டி மூடி மாதிரி தூக்கி, வேலை முடிந்ததும் திரும்பப் பொருத்துகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நுண்ணொலிக் கருவியால் கட்டியைப் பொடித்து உறிஞ்சுகிறார்கள். கை கால் நரம்புகளுக்குச் செய்தி போகிறதா என்று ஒரு மெஷின் பார்த்துக்கொண்டே இருக்கும்.

பாண்டிச்சேரியில் ஆபரேஷன். ஆறு மணி நேரம் நண்பனோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்த சர்ஜன் சொன்னார்: "போன பலத்தைத் திருப்பித் தர்றது கஷ்டம். இருக்கறதைக் காப்பாத்தலாம். கால் முழுசா விழறதுக்குள்ள கொண்டு வந்தீங்களே, அதுதான் பாதி வைத்தியம்."

கல்யாணமாகாத வாலிபர்களே, இது உங்களுக்கும்தான். நாளைக்கு அக்கா குழந்தையைத் தூக்கப்போவது நீங்கள்தானே! நின்ற குழந்தை நிற்க மறுத்தால், கழுத்து ஒரே பக்கம் சாய்ந்தே இருந்தால், ராத்திரியில் முதுகு வலியால் துடித்தால், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தால் ஆபீஸ் வைத்தியம் வேண்டாம். புடவையில் உருட்டவே வேண்டாம். இந்தக் கட்டி அபூர்வம்தான். இல்லை என்று டாக்டர் சொல்லட்டுமே!

பாப்பாவுக்கு முதல் சில வாரம் கால் இன்னும் துவண்டது. அப்புறம் தினமும் பிஸியோதெரபி. இப்போது கீழவீதி வீட்டுத் திண்ணையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிற வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

"நடராஜா, நீ ஒத்தக் காலத் தூக்கிட்டு ஆடுப்பா. எம் பேத்தி ரெண்டையும் ஊணி நின்னா போதும்" என்கிறாள் பாட்டி.