வீட்டாருக்கே திறவாத கதவு



ஊரை விட்டு இம்மாநகரில் குடியேறிய உங்களில் அநேகருடைய வீடுகளில், பழைய ஒலிநாடாக்களும் திருமண வீடியோக்களும் இன்று கணினிக்குள் குடியேறியிருக்கும். குர்லாவிலுள்ள எங்கள் வீட்டிலும் அப்படியே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாகி, மித்தி ஆறு பெருகி வந்தபோது, எங்கள் தரைத்தள அறை மூழ்கிற்று. அப்பா தனியே இங்கிருந்த காலத்தில், ஊரிலிருந்த அம்மாவுக்குக் கடிதத்திற்குப் பதிலாகப் பேசி அனுப்பிய ஒலிநாடாக்களில், பரண்மேல் இருந்த நான்கு மாத்திரமே தப்பின. அவற்றைப் பின்னாளில் ஒரு கணினியில் சேமித்து, வீட்டுத் தொலைக்காட்சியிலேயே கேட்கும்படி அமைத்தேன்.

சென்ற மாதம் அப்பாவின் நினைவு நாள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். திரையிலோ, பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை என்ற அறிவிப்பே வந்தது. கணினியோ நான்கடி தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது!

"அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடுங்கள் மாமா" என்றான் தங்கை மகன். எங்கள் சாலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் வைஃபையையே பயன்படுத்துகிறார்கள். பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே பெயர்த்தெறிவதா? மனம் ஒப்பவில்லை.

முதலாவது, தொலைக்காட்சியின் தேதியைப் பார்த்தேன். பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறினால் அது செல்லாது. தேதி சரியாகவே இருந்தது. அடுத்து, கைப்பேசியில் கணினியின் எண்ணைத் தட்டினேன். சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வந்தது. ஆகிலும் கணினி பதில் சொன்னது. ஆகவே கணினியில் பழுதில்லை.

192.168 என்று தொடங்கும் எண்கள் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் பொதுவானவை. ஆகையால் அவ்வெண்ணுக்குப் பொதுச் சான்றிதழ் தரமாட்டார்கள். ஒரு பெயருக்கே தருவார்கள். அப்பெயருக்குரிய எண்ணைத் தொலைக்காட்சி வெளியே, இணையத்தில்தான் விசாரிக்கிறது. கைப்பேசியின் சொந்த இணையத்தில் அப்பெயரை விசாரித்தேன். எங்கள் வீட்டு எண் உடனே வந்தது. வைஃபையில் விசாரித்தேன், பதிலே இல்லை. காரணம் விளங்கிற்று. முந்தின வாரந்தான் ரௌட்டரை மாற்றியிருந்தோம். வெளியிலிருந்து வரும் ஒரு பெயர் வீட்டுக்குள்ளிருக்கும் எண்ணைக் காட்டினால், அது வஞ்சகமாயிருக்கலாம் என்று புதிய ரௌட்டர் அந்தப் பதிலைத் தடுத்துவிட்டது. காவல் தேவையானதே, அதற்கு நம் வீட்டாரை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவே. அமைப்புப் பக்கத்திலுள்ள விலக்குப் பட்டியலில் அந்த ஒரு பெயரை மாத்திரம் சேர்த்தேன்.

"பணம் வந்து சேர்ந்ததா? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா?" அப்பாவின் குரல் அறையை நிறைத்தது. "வந்தது, வந்தது" என்று அம்மா திரையைப் பார்த்துப் பதில் சொன்னார்கள்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படிச் சம்பவித்தால், அவசரப்பட்டுப் பாதுகாப்பை நீக்காதிருங்கள். தேதி, எண், பெயர் என்று ஒவ்வொன்றாய் விசாரியுங்கள். இன்னொன்று: மழைக்காலத்தில் இணையம் அறுந்தால் பெயரை விசாரிக்க வழியிராது; வீட்டுக்குள்ளேயே இருப்பதும் கிடைக்காமற் போகலாம். அதன் நிமித்தம் அருமையானவற்றை ஒரு பென் டிரைவில் பிரதியெடுத்து, பரண்மேல் வையுங்கள்.