பந்து போகும் நிலம்

கோல்ஃப் பற்றி நமது சஞ்சிகைகளில் எழுதுவோர் அரிது. பணக்காரர் விளையாட்டு, வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற மிச்சம் என்று ஒதுக்கிவிடுகிறோம். இரண்டும் உண்மைதான். ஆயினும் இந்நாட்டின் நிலத்தை அடியடியாக நடந்து அறிய இதைவிட நல்ல சாட்டு எனக்கு வாய்க்கவில்லை. ஆடத் தகுந்த திடல்கள் எவையென நண்பர்கள் கேட்டால் மூன்றைச் சொல்வேன்.

முதலாவது கொழும்பு. 1879இல் காலிமுகத் திடலில் தோன்றிய கழகம் 1896இல் பொரளைக்கு இடம்பெயர்ந்து, 1928இல் 'றோயல்' பட்டம் பெற்றது. தட்டையான தரை. நீர்நிலைகள்தாம் இங்கே எதிரி. மாரியில் நனைந்த புல்லில் விழும் பந்து உருளாது; பறக்கும் தூரத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். களனிவெளிப் புகையிரதப் பாதை திடலை ஊடறுத்துப் போகிறது. ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும். பெட்டிகளின் வாசலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் சனம் எங்களைப் பார்க்கும்; நாங்கள் அவர்களைப் பார்ப்போம். அந்தச் சில கணங்களுக்காகவே இத்திடல் எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது நுவரெலியா. 1889இல் தொடங்கியது; கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல். மெல்லிய காற்றில் பந்து கூடுதலாகப் பறக்கும். ஆனால் மரவரிசைகளுக்கிடையே வழி ஒடுக்கம். பலத்தைவிட நேர்த்தி வேண்டும். பை சுமந்து வந்த மலையகத்துப் பெரியவர், "சேர், கொடியப் பாக்காதீங்க, மர நுனியப் பாருங்க" என்றார். கீழே அசையாத காற்று மேலே பந்தைத் திருப்பிவிடும் என்பதை எந்தப் பயிற்சி நூலையும்விடச் சுருக்கமாக அவர் சொல்லிவிட்டார். திடலுக்குள்ளேயே பழைய மையவாடியொன்று உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் றோஜர்ஸ் அங்கே அடக்கம். 1845இல் மின்னல் தாக்கி இறந்தவர். இடி முழங்கினால் மட்டையை வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும் என்ற விதியை அங்கே யாரும் நினைவூட்டத் தேவையில்லை.

மூன்றாவது ராஜவெல்லவிலுள்ள விக்டோரியா. ஆங்கிலேயரான டொனால்ட் ஸ்டீல் வடிவமைக்க, 1999இல் திறக்கப்பட்டது. பார் 73. நக்கிள்ஸ் மலைத்தொடர் ஒருபுறம், நீர்த்தேக்கம் மறுபுறம். ஏற்ற இறக்கம் அதிகமாதலால் கண் காட்டும் தூரத்தை நம்ப முடியாது. ஒவ்வொரு அடிக்கும் யோசிக்க வேண்டும். ஆட்டத்திலும் அழகிலும் முதலிடம் இதற்குத்தான்.

ஆனால் அந்த நீரின் அடியில், 1980களில் மூழ்கிய பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. அருகிலேயே திகன. தாக்கப்பட்ட சிங்களச் சாரதியொருவர் இறந்ததையடுத்து 2018 மார்ச்சில் மூண்ட வன்செயலில் நம்மவரின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட இடம். எரிந்த வீட்டில் ஓர் இளைஞரும் மௌத்தானார். கொழும்பில் ரயில் நம்மை நிறுத்துகிறது, நுவரெலியாவில் கல்லறை நிறுத்துகிறது. இங்கே எதுவும் நிறுத்துவதில்லை. பச்சைப் புல் ஒன்றையும் சொல்லாது.

ஆகவே விக்டோரியாவில் கட்டாயம் ஆடுங்கள். ஆடி முடிந்ததும் நேரே கண்டிக்குத் திரும்பிவிடாதீர்கள். திகன கடைவீதியில் இறங்கி, ஒரு பிளேன்டீ குடித்து, கடைக்காரரோடு ஆறுதலாகக் கதைத்துவிட்டுப் போங்கள்.