பாரம் எங்கே இருக்கிறது?

"காசிருந்தும் ஏன் மச்சான் இந்தப் பழைய மாடல்?" என்று கேட்டேன். மெல்பனில் தங்கச்சி வீட்டுக்கு விடுமுறையில் போயிருந்த நேரம். வாசலில் நின்றது லேண்ட் குரூஸர் 70 வரிசை வாகனம். 1984 இல் வந்த வடிவம்.

"தனி இரும்புச் செஸி. 3500 கிலோ இழுக்கும். தூர இடத்தில் பழுதானாலும் திருத்தலாம்" என்றார் மச்சான்.

மறுநாள் அதில் கரவனைக் கொளுவி, பிள்ளைகளோடு சிட்னிப் பாதையில் புறப்பட்டோம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம். ஓர் இறக்கத்தில் கரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. வாகனமும் சேர்ந்து ஆடியது. பிள்ளைகள் வீரிட்டார்கள். மச்சான் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டேரிங்கை நேரே பிடித்து, அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். கரவனின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினார். ஆட்டம் அடங்கியது.

ஓரங்கட்டிப் பார்த்தோம். தண்ணீர்க் கலன்கள், அரிசி மூடை எல்லாம் பின் மூலையில்! அடுக்கியது நானும் தங்கச்சியும்தான். ட்ரக்டர் பெட்டியின் பின்புறம் நெல் மூடைகளைக் குவித்தால் முன்பக்கம் மேலெழும்பும் என்று வாப்பா அன்று ஏசியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கரவனின் மொத்தப் பாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொளுவியில் அழுந்த வேண்டும் என்றார் மச்சான். பாரமான சாமான்களைச் சில்லுகளின் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு மாற்றி வைத்தோம். பிறகு கரவன் ஆடவேயில்லை.

சகோதரிகளே, பயணச் சாமான் கட்டுவது பெரும்பாலும் நீங்கள்தான். வாகனம் எவ்வளவு இழுக்கும் என்று ஆண்கள் பார்ப்பார்கள். பாரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் பாருங்கள்.